தராசுக்குப் பேர் வைத்த சென்றாயன்

கடத்தூர்ப் பக்கத்தில், மரவள்ளிக் கிழங்கை ஜவ்வரிசியாக்கும் சேகோ மில்லில் சென்றாயனுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் சங்கதி கிடையாது. சொன்னது வேறு யாருமில்லை, சென்றாயனேதான். எடைமேடை அறையில் இருக்கிற லினக்ஸ் கம்ப்யூட்டருக்குத் 'தராசு' என்று பேர் வைத்ததும் அவன்தான். அந்தப் பேர் இருந்தால்தான் கிழங்கு லாரிக்கு எடைச்சீட்டு வரும்.

யூபிஎஸ் புண்ணியத்தில் வருஷமெல்லாம் அது அணையாது. ஆயுத பூஜைக்கு மட்டும் ஓய்வு. போன வருஷம் பூஜைக்கு மறுநாள் போட்டால், தராசைக் காணோம்; 'லோக்கல்ஹோஸ்ட்' என்று வேறு பேரில் நிற்கிறது. முதலாளி ராஜப்பன் முறைத்தார். சென்றாயன் சுற்றுமுற்றும் பார்த்தான். பெட்டிமேல் சந்தனம் தெரிந்தது.

"பாஞ்சாலியக்கா ஈரமா பொட்டு வெச்சிருக்காங்க, உள்ள எறங்கிடுச்சுங்க" என்று அடித்துவிட்டான். பிறகு ஒரு கட்டளையைத் தட்டிப் பேரைத் திரும்ப வைத்தான்.

பாஞ்சாலி மில்லைக் கூட்டுகிறவர். பதினாலு வருஷமாக அத்தனை மெஷினுக்கும் பொட்டு வைத்தது அவர் கைதான். "இனிமே எதையும் தொடாத" என்றார் முதலாளி. அந்த அக்கா சந்தனத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனார். சென்றாயனுக்கு உறுத்தியது. கொஞ்சம்தான்.

இந்த வருஷம் முதலாளியே பொட்டு வைத்தார், கம்ப்யூட்டரை விட்டுவிட்டு. மறுநாள் காலை வாசலில் எட்டு லாரி. உள்ளே லோக்கல்ஹோஸ்ட்.

"இப்ப எந்தச் சந்தனம்ப்பா எறங்குச்சு?" என்றார் ராஜப்பன். "பத்து மணிக்குள்ள சரி பண்ணலைன்னா சேலத்துக் கம்ப்யூட்டர் ஆளுங்களக் கூப்டுக்கறேன். நீ வூட்டுக்குப் போய்க்க."

போன வருஷம் தட்டிய அதே கட்டளையைத் தட்டினான். பேர் வந்தது, சீட்டும் வந்தது. அப்பாடா என்று எழுந்தான். ராஜப்பன் விடுவாரா? "அணைச்சுப் போட்டுக் காமி."

போட்டான். லோக்கல்ஹோஸ்ட்!

அப்போதுதான் சென்றாயன் ஐயாவுக்கு உறைத்தது. அந்தக் கட்டளை வைக்கும் பேர் அணைக்கிற வரைக்கும்தான். எழும்போது கம்ப்யூட்டர் தன் பேரை ஒரு சின்னக் கோப்பில் பார்த்துக்கொள்ளும். அதில் அவன் எழுதவே இல்லை. எழுதினான். மூன்று தரம் அணைத்துப் போட்டான். மூன்று தரமும் தராசு.

"என்னதாம்ப்பா கோளாறு?" என்றார் ராஜப்பன்.

லாரிக்காரர்கள் நின்றிருந்தார்கள். துடைப்பத்தோடு பாஞ்சாலியும். 'கரண்டுங்க' என்று சொல்லத்தான் வாய் போனது.

"நான்தானுங்க கோளாறு. போன வருசமும் நான்தான். அக்கா மேல பழியப் போட்டுட்டேன்."

பாஞ்சாலி உள்ளே போய் நேற்றைய சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தார். கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு. சென்றாயன் நெற்றியில் ஒன்று, நன்றாக அழுத்தி.

"இது உள்ள எறங்குதான்னு பாக்கலாம், தம்பி."