தாயி ஆயா பூவும் என் வெள்ளைக் கோட்டும்

எனக்குப் பறவைகள் மேல் எந்தக் காலத்திலும் பாசம் கிடையாது. அதிலும் கொண்டைக்குருவியைக் கண்டால் இன்றைக்கும் பல்லைக் கடிப்பேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலாயாவில் ரெம்பியாவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால் நிறுத்துக் கணக்கு எழுதும் சின்னக் கிராணியாக இருந்தேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளைக் கோட்டு, கழுத்துவரை பொத்தான் வைத்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் மலாக்காவுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். முன்பு பார்த்த இரண்டு இடத்திலும் "பையன் கறுப்பு" என்று தட்டிக் கழித்துவிட்டார்கள். இந்த இடமும் போனால் அவ்வளவுதான் என்று பயந்தேன். ஆள்தான் கறுப்பு, கோட்டாவது வெள்ளையாக இருக்கட்டும் என்பது என் திட்டம்.

வீட்டுக்குப் பின்னால் துணிக்கொடி கட்டியிருந்தோம். கொடிக்கு ஒரு பக்கம் செண்டுடுக் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் புதர். அந்த மண்ணிலேயே பிறந்த செடி. அதன் பழத்தைத் தின்றால் நம் நாக்கு கத்தரிக்காய் நிறமாகும். குருவி தின்றால் நம் துணி அந்த நிறமாகும். மறுபக்கம் அம்மா ஆசையாக வளர்த்த வேலி. அது எங்கோ கடல் தாண்டி வந்த செடி, மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக்கொத்தாகப் பூக்கும். உண்ணிச்செடி என்று சிலர் சொல்வார்கள். அம்மா பிறந்த ஊரில் அது இல்லாததால், காய்கறி விற்க வந்த மலாய்க்கார அம்மாளிடம் பெயர் கேட்டிருக்கிறாள். அவர் சொன்னது "பூங்கா தாஹி ஆயாம்". பூங்கா என்றால் மலாயில் பூ. அம்மாவின் காதில் விழுந்தது "பூங்கா தாயி ஆயா".

"தாயிங்கிறா, ஆயாங்கிறா. மாரியாத்தா பூ இல்லாம வேற எதுடா இது?" என்றாள். அன்றிலிருந்து சாமி படத்துக்கு அந்தப் பூதான். அதன் வாடை மூக்கைத் துளைக்கும். அப்பா தும்மிக்கொண்டே கும்பிடுவார்.

பெண் பார்க்கும் நாள் நெருங்கியதும் நான் மூளையைக் கசக்கினேன். இந்த ஊர்க் குருவிக்கு இந்த ஊர்ப் பழம்தானே தெரியும்? வந்தேறிச் செடியின் பழத்தை அது எதற்குச் சீண்டப்போகிறது? செண்டுடுக்கை வெட்டிவிட்டால் வேறு இடம் பார்த்துப் போய்விடும். இதை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"நாம கப்பல்ல வந்து எறங்குன உடனே டுரியானத் தின்னல? குருவிக்கு மட்டும் என்னடா ரோசம்?" என்றார்.

பெரியவர்கள் பேச்சை யார் கேட்டார்கள்? பாராங் கத்தியை எடுத்துப் புதரை அடியோடு வெட்டினேன். அன்று முழுக்க ஒரு குருவியில்லை. வெற்றி என்று நினைத்துக் கோட்டைத் துவைத்து, கஞ்சி போட்டு, காய வைத்தேன். கோட்டு பளிச்சென்று காய்ந்தது. மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டு, அம்மா வரட்டும் என்று வேலியோரம் நின்றேன். அம்மா பெண்ணுக்குச் சூட்ட அந்தத் தாயி ஆயா பூவையே சரம் தொடுத்து வாழையிலையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

நான்கைந்து குருவிகள் கொடியில் வந்து உட்கார்ந்தன. வெட்டிய கட்டைகளைப் பார்த்தன. தலையைச் சாய்த்து இந்தப் பக்கம் கறுப்பாகப் பழுத்திருந்த உண்ணிப்பழத்தைப் பார்த்தன. பிறகு பந்தி தொடங்கிவிட்டது. சாதி கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. தின்றதில் ஒன்று என் முதுகுக்கு மேலே பறந்து போனது.

எனக்கு அது தெரியாது. பஸ்ஸில் பின்னால் இருந்தவர், "தம்பி, முதுகுல என்னமோ" என்று கைக்குட்டையால் துடைத்து, காசளவு கறையைத் தோசையளவு ஆக்கிக் கொடுத்தார்.

பெண் வீட்டில் நான் யாருக்கும் முதுகு காட்டவில்லை. வாசலில் பக்கவாட்டில் நகர்ந்து நுழைந்தேன். கை கழுவப் போனபோது பின்பக்கமாகவே நடந்தேன். மளிகைக் கடைக்காரரான பெண்ணின் அப்பா, மாப்பிள்ளைக்கு மரியாதை அதிகம் என்று மெச்சினார். ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் பெண் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவள் பார்த்தது என் முதுகை.

காபித் தட்டோடு வந்தவளிடம் அம்மா பூச்சரத்தை நீட்டி, "தாயி ஆயா பூம்மா, ஆத்தாளோட பூ" என்றாள்.

டவுனில் வளர்ந்த பெண், மலாய் தண்ணீர்பட்ட பாடு. வாய் தவறிச் சொல்லிவிட்டாள்: "ஐயோ அத்தை, அது தாஹி ஆயாம் லா! கோழிப்பீ!"

அம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து அம்மாவிடம் போனேன், முதுகை மறந்து. பின்னாலிருந்து பெண்ணின் சித்தி, "மாப்பிள்ள கோட்டுலயும் அதேதான் போல" என்றாள்.

இதுவும் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அந்தப் பெண் சரத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். "பேருதான் அப்படி, அத்தை. பூ அழகாத்தான் இருக்கு" என்றாள். அவளுடைய அப்பா தும்மினார்.

கல்யாணமாகி வெகுநாள் கழித்துக் கேட்டேன். டவுனிலேயே அவளுக்கு இரண்டு நல்ல வரன்கள் வந்திருந்தன. இரண்டு பேருமே சிவப்பு. அவர்களை விட்டுவிட்டு என்னை எதற்காகப் பிடித்தாள்?

அவள் துணிக்கொடியை அவிழ்த்து வீட்டின் மறுபக்கம் கட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் யாருக்குமே அது தோன்றியதில்லை.

"குருவி எதுக்கு உண்ணிப்பழம் தின்னுச்சு?" என்றாள். "கறுப்பா இருந்தாத்தானே பழுத்த பழம்?"