நாத்தனார் வைத்த சிவப்புப் பொத்தான்

என் வீட்டுக்காரரோடு கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்த அக்கா கல்யாணமாகித் தூரதேசம் போனவள், வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுவாள். நடுவில் ஒரு தம்பி, விஷக்காய்ச்சலில் பன்னிரண்டு வயதிலேயே போய்விட்டான். மிஞ்சியது கடைக்குட்டித் தங்கை. இவருக்கும் அவளுக்கும் பத்து வயது வித்தியாசம். எனக்கு ஊரோடு இருக்கிற ஒரே நாத்தனார்.

ஊரில் அவளுக்கு பேட்டரியக்கா என்று பேர். எங்கள் வீட்டில் மட்டும் ஷாக்கு. ஐந்து வயதில் கொண்டை ஊசியை எடுத்து, ரேடியோ மாட்டுகிற ஓட்டைக்குள் விட்டு, தூக்கி எறியப்பட்டு விழுந்து, எழுந்து உட்கார்ந்து, "இன்னொரு தடவை" என்று கேட்டாளாம். அன்றைக்கு இவர் வைத்த பேர் அது. இன்றைக்கு அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. பேர் அப்படியே நிற்கிறது.

அவளுக்கு நாலு வயதில் தாய் இல்லை. தகப்பனார் வேலைக்குப் போய்விடுவார். அக்கா சமையலைப் பார்ப்பாள். பதினாலு வயதில் துடுப்புப் பிடித்த இவர், தங்கையையும் படகில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போவார். பிள்ளை தண்ணீரில் விழுந்துவிடுமே என்று அவள் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் படகின் பின்பக்கம் இருக்கிற இரும்பு வளையத்தில் முடிந்து வைப்பாராம். இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. அந்தப் படகுக்கு இதுவரை மூன்று முறை பலகை மாற்றியாகிவிட்டது. வளையம் மட்டும் அதேதான்.

பிறகு அவள் லாரி பேட்டரி ரிப்பேர் செய்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டாள். நல்ல மனிதர், நெஞ்சுதான் சரியில்லை. முப்பத்தைந்து வயதில் படுத்துவிட்டார். கட்டிலில் கிடந்தபடி அவர் சொல்லச் சொல்ல, இவள் கடைக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து வேலை பழகினாள். அவர் போன பிறகும் கடையை மூடவில்லை. ஆரம்பத்தில் லாரிக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்து, "ஓனர் இல்லையா?" என்பார்கள்.

"நான்தான் ஓனர். யார் தொடுறாங்கன்னு பேட்டரிக்குத் தெரியாது. உங்களுக்கு மட்டும் எதுக்கு அந்தக் கவல?" என்பாள்.

ஒரு ஆள் நீட்டிப் படுத்தால் இரண்டு சுவரும் தட்டும், அவ்வளவுதான் கடை. சிமெண்ட் மேடை, அதன் மேல் வரிசையாகக் கறுப்புப் பெட்டிகள், ஒரு மூலையில் ஆசிட் பட்டால் போட என்று ஒரு டப்பா சமையல் சோடா. அவள் உடுத்துகிற துணியெல்லாம் சல்லடைபோல் பொடிப்பொடிப் பொத்தல். "காத்தோட்டமா இருக்கு அண்ணி" என்று சிரிப்பாள்.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

போன வருஷம் இவருக்கு வலது தோளில் தசைநார் கிழிந்து, அறுவைச் சிகிச்சை ஆயிற்று. "இனிமேல் துடுப்பைத் தொடக்கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறுபத்தெட்டு வயதில், ஐம்பத்து நாலு வருஷம் ஏரியில் வலை போட்ட மனிதரிடம்! என் மகன் நகரத்தில் நாலாவது மாடியில் இருக்கிறான். "படகை வித்துட்டு இங்க வந்துடுங்கம்மா. ஒருத்தர் கேட்டிருக்காரு, ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர்றேன்" என்றான். தப்பாகச் சொல்லவில்லை, பாசத்தில்தான் சொன்னான். ஆனால் அந்த நாலாவது மாடியில் இவர் ஒரு வாரம் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கீழே நிற்கிற கார்களை எண்ணிக்கொண்டிருந்தார். படகு போனால் இவர் முழுசாக இருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். ராத்திரி பகல் எனக்கு அதே நினைப்பு.

நாத்தனாரிடம்தான் போய் அழுதேன். அவள் நேரே என் மகனைப் பிடித்தாள். போனிலேயே அவனைக் காய்ச்சி எடுத்துவிட்டு, "படகுக்குப் பின்னால மாட்டுற சின்ன கரண்ட் மோட்டார் வருது. அத வாங்கி அனுப்பு. ஞாயித்துக்கிழமை உன் அப்பா ஓட்டிக் காட்டட்டும். அப்புறமா வித்துக்க" என்றாள். அவன் அத்தைக்குப் பயந்தவன். புதன்கிழமை பெட்டி வந்துவிட்டது.

மோட்டாரிலிருந்து இரண்டு வயர், சிவப்பும் கறுப்பும், முனையில் பல் வைத்த இரண்டு கிளிப். இவருக்குக் கை பரபரத்தது. "பேட்டரியில கவ்வ விட்டா ஓடப்போகுது. கொண்டா" என்றார்.

அவள் கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது துணி காயப்போடத்தான் ஆகும்ணே. ஒரு அலை அடிச்சா நழுவும், நழுவினா பொறி பறக்கும். பேட்டரியிலேர்ந்து வர்ற வாயு பக்கத்துலயே நிக்கும். மீசை முதல்ல போகும்."

அதோடு இரண்டு கிளிப்பையும் வெட்டி எறிந்தாள். வயர் முனையில், பேட்டரியோடு திருகி முடுக்குகிற செம்புக் காதைச் செருகி, பெரிய இடுக்கியால் நசுக்கி, ஒரு காலால் பலகையை மிதித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தாள். பேட்டரியும் லாரி பேட்டரி இல்லை. "லாரிக்கு இருக்கிறது ஓட்டப்பந்தயக்காரன். ஒரு நிமிஷம் பாய்வான், அப்புறம் உக்காந்துடுவான். உனக்கு நாள் பூரா நடக்கிறவன் வேணும்" என்று வேறொன்று கொண்டுவந்தாள். அதை மூடிவைத்த பெட்டியில் போட்டு, பெல்ட்டால் படகோடு சேர்த்து வரிந்தாள். பிறகு வயர் அளந்தாள். பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு ஒரு அளவு, திரும்பி வர இன்னொரு அளவு.

"எதுக்கு ரெண்டு?" என்றார் இவர்.

"போற தூரம், வர்ற தூரம், ரெண்டும் சேர்த்துத்தான் வயர் எவ்வளவு தடிமன்னு முடிவு பண்ணணும்."

"கரண்டுக்குக் கூட ரிட்டர்ன் டிக்கெட்டா?"

"ஆமா. உனக்கும் சேர்த்துத்தான் எடுக்கிறேன். போனவன் திரும்பி வரணுமில்ல?"

இதுவரை சிரிப்பாகத்தான் போயிற்று. கடைசியில்தான் வம்பு. அளவுக்கு மீறிக் கரண்டு பாய்ந்தால் தானே துண்டித்துக்கொள்கிற ஒரு சின்ன டப்பா வேண்டும் என்றாள். பிரேக்கர் என்று பேர், நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான். அதைச் சிவப்பு வயரில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க வேண்டுமாம். அவள் கடையில் இருந்தவை எல்லாம் வேறு அளவு. சரியான அளவு வெளியூரிலிருந்து வர மூன்று நாள்.

"மூணு நாளா? ஞாயித்துக்கிழமை ஆள் வர்றான்டி! அது இல்லாமலே ஓட்டிக்கிறேன். அது வந்தப்புறம் மாட்டிக்கலாம்."

"முடியாதுண்ணே."

"படகு உன்னதா, என்னதா?"

"படகு உன்னது. பேட்டரி என்னது."

சொல்லிவிட்டுப் பெல்ட்டை அவிழ்த்தாள். அந்தக் கனத்தைத் தன் வண்டியில் தூக்கி வைத்துக்கொண்டு போயே போய்விட்டாள்! நான் வாசலில் வாயைப் பிளந்து நின்றேன். இவருக்கு மூக்குக்கு மேல் கோபம். மூன்று நாள் தங்கை பேரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கும் உள்ளுக்குள் வருத்தம்தான். நாள் தவறினால் படகு போய்விடுமே, இவளுக்கு அது புரியவில்லையே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை. இங்கே எழுதுவதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பேட்டரியோடும் டப்பாவோடும் வந்து நின்றாள். அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் நான் தபால்காரி.

"அண்ணி, ஓட்டுற கைப்பிடிய முதல்ல பூஜ்யத்துல வெக்கச் சொல்லுங்க."

"வெச்சாச்சுன்னு சொல்லு அவகிட்ட."

"பொத்தான் வெளிய துள்ளி வந்துதுன்னா, என்ன காரணம்னு கண்டுபிடிக்காம திருப்பி அமுக்கக்கூடாது. சொல்லுங்க."

"கேட்டுச்சுன்னு சொல்லு."

"சார்ஜ் போடுறப்ப மோட்டாரக் கழட்டிடணும். காத்து வர்ற இடத்துல வெச்சுத்தான் சார்ஜ் போடணும். ரெண்டு துடுப்பும் எப்பவும் படகுலயே இருக்கணும்."

"துடுப்பு எதுக்கு? அதத் தொடத்தான் கூடாதுன்னுட்டாங்களே. மோட்டார் மேல அவளுக்கே நம்பிக்கை இல்லியான்னு கேளு."

"மோட்டார் மேல இருக்கு. மோட்டார ஓட்டுறவர் மேல இல்லன்னு சொல்லுங்க அண்ணி."

வயரைப் படகின் உட்பக்கப் பலகையில் சாணுக்கு ஒரு பிடி வைத்து அறைந்தாள். மோட்டார் பக்கம் மட்டும் ஒரு முழம் தளர்வாக விட்டாள். பத்து மணிக்கு மகன் வந்தான், கூடவே படகு கேட்டவர். இவர் சத்தமே இல்லாமல் ஏரி நடுவரைக்கும் போய், ஒரு வட்டம் போட்டு, கரையில் முட்டாமல் கொண்டுவந்து நிறுத்தினார். படகு கேட்டவர் என் மகன் தோளைத் தட்டி, "உங்க அப்பா விக்கிற முகமா இது? என்னை எதுக்குப்பா கூட்டிட்டு வந்தே?" என்று சிரித்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

மறு நாளிலிருந்து பழையபடி வலை, பழையபடி மீன், பழையபடி என்னோடு சண்டை. வீடு வீடாக இருந்தது.

அந்த ஒரு முழத் தளர்வுதான் இவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. படகுக்காரர் கண்ணுக்குத் தொங்குகிற கயிறு ஆகாது. காலை வாரும், வலையில் மாட்டும். ஒரு நாள் அந்தத் தளர்வை இழுத்துப் பின்பக்க இரும்பு வளையத்தில் போட்டு, தன் கைப்பழக்க முடிச்சையும் போட்டுவிட்டார். சிவப்பும் கறுப்பும் சேர்த்து ஒரே முடிச்சு. நானும் பார்த்தேன். "இப்பத்தான் நறுவிசா இருக்கு" என்று வேறு சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து, அக்கரையில் என் சித்தி மகளைப் பார்க்க இரண்டு பேரும் கிளம்பினோம். பாதித் தூரத்தில் ஒரு பெரிய மரக்கட்டை மிதந்து வந்தது. இவர் மோட்டாரைச் சடாரென்று ஒரு பக்கம் திருப்பினார். பேட்டரிப் பெட்டிப் பக்கம் "டக்" என்று ஒரு சத்தம். மோட்டார் நின்றது. சிவப்புப் பொத்தான் வெளியே துள்ளி நின்றது.

"பார்த்தியா உன் நாத்தனார் வெச்ச பொட்டிய! நடு ஏரியில கழுத்தறுத்துட்டா" என்று இவர் பொத்தானை அமுக்கக் கையை நீட்டினார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "காரணம் கண்டுபிடிக்காம அமுக்கக்கூடாதுன்னு உங்க தங்கச்சி சொன்னாளே. நான்தானே அன்னிக்கு உங்ககிட்ட சொன்னேன்?"

"விடுடி!"

"விடமாட்டேன். அந்த நாத்தம் என்னன்னு பாருங்க முதல்ல."

ரப்பர் கருகின நாற்றம். பின்னால் திரும்பிப் பார்த்தோம். இரும்பு வளையத்திலிருந்து நூல் மாதிரி ஒரு புகை எழும்பி, காற்றில் கரைந்தது. மோட்டாரைத் திருப்பத் திருப்ப முடிச்சு இறுகி, இரும்பு இரண்டு வயரின் தோலையும் தின்று, செம்பும் செம்பும் அந்த வளையத்தின் வழியாகத் தொட்டுவிட்டன. ஒரு நொடி தொட்டதற்கே வளையத்தில் கறுப்பாகத் தீய்ந்த வடு. பொத்தான் மட்டும் இல்லாதிருந்தால் பேட்டரியில் இருந்த அத்தனையும் அந்த இடத்தில் கொட்டியிருக்கும். பக்கத்திலேயே காய்ந்த வலை, இவருடைய மடித்துவைத்த மேல்சட்டை. எங்களைச் சுற்றித் தண்ணீர். எனக்கு நீச்சல் தெரியாது.

இவர் நீட்டிய கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "துடுப்ப எடு" என்றார்.

அவர் நல்ல கையால் ஒன்று, நான் ஒன்று. பாதி வழிக்கு வட்டம்தான் அடித்தோம். "முன்னால போகணும்டி, பம்பரமா விடுறே?" என்று அந்த நேரத்திலும் ஏச்சு. எங்கள் கரையைத் தொட்டதும் நான் நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

அவள் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தாள். முதல் காரியமாகப் பேட்டரி இணைப்பைக் கழற்றினாள். பிறகு வளையத்தின் முன் குந்தி உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பின்னால் நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணே, இந்த முடிச்சு எனக்குத் தெரியும்" என்றாள். "இதே வளையத்துலதான் என்னையும் கட்டிப் போடுவே."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ ஆடிக்கிட்டே இருப்பே. வேற என்ன பண்ணச் சொல்றே?"

"வயர் ஆடணும்ணே. ஆடத்தான் விட்டிருக்கேன்."

கருகின துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புது வயர் போட்டாள். தளர்வு முழுவதையும் வளைந்துகொடுக்கிற ஒரு ரப்பர் குழாய்க்குள் விட்டாள். வளையத்தின் பக்கமே போகாதபடி மரப்பலகையில் ஒரு பிடி வைத்தாள். இவர் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் கேட்கக் கேட்க ஒவ்வொரு திருகாக எடுத்துக் கொடுத்தார். எல்லாம் முடிந்ததும் அவள் நகர்ந்துகொண்டு, "நீயே அமுக்கு" என்றாள். இவர் அமுக்கினார். பொத்தான் உள்ளே போய் உட்கார்ந்தது.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆசிட் பட்டுக் காய்ப்பு ஏறிய கை. "என்னை ரெண்டு தடவ காப்பாத்திட்டே. அவர் படகு போகாம ஒரு தடவ, நாங்களே போகாம ஒரு தடவ" என்றேன்.

"அண்ணி, கடைய அப்படியே போட்டுட்டு வந்திருக்கேன். ஒரு சொம்பு தண்ணி குடுங்க, கிளம்பணும்" என்றாள். அவள் அப்படித்தான்.

இவர் இன்றைக்கும் காலையில் ஏரிக்குப் போகிறார். கிளம்பும் முன் வயரை முனையிலிருந்து முனைவரை விரலால் தடவிப் பார்க்கிறார். பிறகு பேட்டரிப் பெட்டிப் பக்கம் குனிந்து, "ஷாக்கு, போயிட்டு வர்றேன்" என்கிறார். யாரும் கேட்கவில்லை என்று அவருக்கு நினைப்பு. கரையில் நிற்கிற எனக்குக் கேட்கிறது.