சாரல் விழுந்ததும் போன அறை

கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காததால், தை மாதம் குற்றாலத்தில் தனியாக ஓர் அறை எடுத்தேன். வாடகை குறைவு என்பதால் வேறெதையும் விசாரிக்கவில்லை.

வைகாசிக் கடைசியில் சாரல் விழுந்ததும் வீட்டுக்காரர் வந்தார்.

"சீசன் வந்துட்டுல்லா தம்பி, நாளைக்குக் காலி பண்ணிருங்க."

"அண்ணாச்சி, அடுத்த வாரம் பரீட்சை!"

"சீசன்ல இங்கன நாள் வாடகைதான். இதுகூடத் தெரியாமலா படிக்கிய?" என்று சிரித்தார்.

மறுநாள் பெட்டியோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். அருவிக்கு வந்தவர்கள் கூட்டம் கூட்டமாய் இறங்கினார்கள். ஊரிலிருந்து அப்பா போனில், "அருவில தண்ணி விழுதாம்லா? குளிச்சியாலே?" என்றார்.

"குளிச்சேம்ப்பா" என்றேன்.

அன்றிலிருந்து எங்கே வீடு பார்த்தாலும், "சீசனுக்கும் இருக்கலாமா?" என்பதுதான் என் முதல் கேள்வி. நாலு வீட்டில் உதட்டைப் பிதுக்கினார்கள். இலஞ்சியில் ஓர் அக்கா, "இருங்க தம்பி, ஒங்கள யாரு வெரட்டப் போறா?" என்றார்.

அதன்பிறகுதான் வாடகையைக் கேட்டேன்.