நாலு பேர் பொட்டலம்

போக்குவரத்துக் கழகத்தின் மருத்துவ அட்டை அவரை ‘மிதமான உணவுப் பழக்கம் உடையவர், இனிப்பில் நாட்டமில்லாதவர்’ என்கிறது. எழுதியவர் அவரை நேரில் பார்த்திருந்தால் சட்டைப் பொத்தான்கள் படும் பாட்டையாவது குறித்திருப்பார்.

அவர் பேருந்து ஓட்டுநர். அதே பேருந்தில் அவருடைய மனைவி நடத்துநர். வீட்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்: வண்டி அவர் கையில், விசில் அம்மையார் வாயில்.

ரத்தச் சர்க்கரையைப் பார்த்த மருத்துவர், அடுத்த பரிசோதனைக்குள் இறங்காவிட்டால் ஸ்டீயரிங்கை மறந்துவிட்டுப் பணிமனையில் டயர்களுக்குக் காவல் இருக்கலாம் என்றார். எதைத் தின்றாலும் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத் தின்னச் சொன்னார். ஓட்டுநருக்குப் படிப்பு பிடித்துப்போனது. கடையில் வழியை அடைத்துக்கொண்டு புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு என்று உரக்க வாசித்தார். பின்னால் நின்றவர்கள் ஹாரன் இல்லாத குறையை உணர்ந்தார்கள். கடைசியில், சர்க்கரை ஐந்தே கிராம் என்றிருந்த ஒரு பழ பிஸ்கட்டைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு நடை முடிந்ததும் ஒரு பொட்டலத்தை மனச்சாட்சி உறுத்தாமல் காலி செய்தார்.

இடையில் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை ஏறியிருந்தது.

அம்மையார் பொட்டலத்தைப் பிடுங்கிப் பார்த்தார். ஐந்து கிராம் என்பது ஒரு பங்குக்கு. பொட்டலத்தில் நான்கு பங்கு.

“நாலுன்னு போட்டிருக்கே, கண்ணுல படலையா?”

“பட்டுது. நம்ம வண்டியிலகூடத்தான் நாப்பது பேர்னு எழுதியிருக்கு. யாரு மதிக்கிறாங்க?”

இதை மறுக்க அம்மையாரிடம் சாட்சியமில்லை. நெரிசலில் டிக்கெட் கொடுப்பவரே அவர்தான். ஆகவே சேர்மானங்களுக்குத் தாவினார். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்களாம்.

“முன் சீட்டுல மைதா. பக்கத்துலயே சர்க்கரை, காலை நீட்டிக்கிட்டு. உங்க பழம் எங்க இருக்குன்னு பாருங்க.”

பழம் உப்புக்கும் பின்னால் இருந்தது.

“படியில தொங்குது,” என்றார் ஓட்டுநர், நிஜமான துக்கத்தோடு.

துக்கப்பட்டாரே தவிர, பிஸ்கட்டை விடுவதாக இல்லை. ஆனால் இனி நான்கு என்றால் நான்குதான். மறுநாளிலிருந்து நடை முடிந்ததும் பொட்டலத்தைப் பிரித்து, தமக்கு ஒரு பங்கு வைத்துக்கொண்டு, முன் இருக்கையிலிருந்து இறங்கும் பயணிகளுக்கு மூன்று பங்கு நீட்டினார். முன் இருக்கைக்கு அடிதடி தொடங்கியது. பின் வாசலில் ஏற ஆளில்லை. ஒரு வழக்கறிஞர் தம் அலுவலகத்துக்கு எதிர்த்திசையில் பயணம் செய்ததாகக் கேள்வி. ஓட்டுநரின் கை அடுத்த பங்கை நோக்கி ஊர்ந்தால் பின்னாலிருந்து ஒற்றை விசில் வரும். பழக்கதோஷத்தில் கை நின்றுவிடும். வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அதே விசில்தான். ஒருநாள் அதைக் கேட்டுத் தெருவில் சைக்கிளில் போனவர் பிரேக் பிடித்தார்.

பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. ஸ்டீயரிங் தப்பியது. மருத்துவர் அட்டையில் ‘மன உறுதி மிக்கவர்’ என்று சேர்த்தார்.

ஓட்டுநர் செய்ததோ, விசிலுக்குப் பயந்து பொட்டலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு மூன்று பங்கைப் பயணிகளுக்குக் கொடுத்தது.