கழுவி வந்த ஜாடிகள்

செவ்வாய்க்கிழமை காலை மார்லிஸ் பின்வாசல் கதவைத் திறந்தபோது படிக்கட்டில் பதினோரு ஜாடிகள் வரிசையாக நின்றன. எல்லாம் பளிச்சென்று கழுவித் துடைத்தவை. சனிக்கிழமைச் சந்தையில் அவள் விற்ற தொக்கு ஜாடிகள்தான். தீர்ந்த ஜாடியைக் கழுவி, கொடுத்தவர் வீட்டுப் படியில் வைத்துவிட்டுப் போவது எங்கள் நோர்ட்பி ஊரில் எழுதாத சட்டம். வைத்துக்கொண்டு கமுக்கமாக இருப்பவர்களைப் பற்றி, சர்ச் அடித்தளத்தில் காபி ஆறும்வரை பேசுவார்கள். அதனால் ஜாடிகள் வந்ததில் அதிசயமில்லை. மூன்றே நாளில் வந்ததுதான் அவளுக்குத் தலையைச் சுற்றியது.

முதல் வாரம் இப்படி வந்தபோது அவள் கால் தரையில் பாவவில்லை. உடனே சிநேகிதி ஆர்டிஸுக்கு ஃபோன் போட்டு, "காலிடி! எல்லாம் காலி! நக்கித் தின்னிருக்காங்க!" என்று குதித்தாள். இரண்டாம் வாரமும் அதே சந்தோஷம். இது ஏழாவது வாரம். நாள் ஆக ஆகச் சந்தோஷம் போய், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஆகிவிட்டது.

அது என்ன தொக்கு என்கிறீர்களா? ருபார்ப் தொக்கு. ருபார்ப் என்பது மினசோட்டாவில் வீட்டுக்கு வீடு களை மாதிரி மண்டிக் கிடக்கும் சிவப்புத் தண்டு, பல் கூசும் புளிப்பு. ஜூன் மாதத்தில் காரைப் பூட்டாமல் விட்டால், யாராவது பின்சீட்டில் ஒரு கட்டு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எல்லோரும் அதில் சர்க்கரையைக் கொட்டி ஜாம் செய்தால், மார்லிஸ் இஞ்சியும் கடுகும் கை நிறைய மிளகாயும் போட்டுத் தொக்கு செய்தாள். டெக்ஸஸில் இருக்கும் மகன் வீட்டில் ஒரு குளிர்காலம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து அவள் நாக்கே மாறிப்போயிருந்தது. கணவர் வெண்டலுக்கு வயிற்றுப்புண். அவருக்குக் கஞ்சியும் பாலும்தான். அவரிடம் ருசி கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

அவள் இருபத்தேழு வருடமாகப் பள்ளிக்கூடச் சமையல்காரி. மேலிடத்திலிருந்து பட்டியல் வரும், பெட்டியில் உணவு வரும், உப்பை அளந்து போட வேண்டும். தன் நாக்குக்குப் பிடித்த மாதிரி அவள் நாலு பேருக்குச் செய்து கொடுத்தது இந்தத் தொக்கு ஒன்றுதான். அடுத்த வருடம் வேலைக்கு வருகிறாயா இல்லையா என்று கேட்டுப் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். 'வரவில்லை' என்ற கட்டத்தில் குறி போடத்தான் அவளுக்கு ஆசை. ஆர்டிஸிடம்கூட மூச்சு விடாமல் அதை மேஜை டிராயரில் வைத்திருந்தாள், சொல்லி அசத்தலாமென்று.

ஆர்டிஸும் அவளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதிகள். கணவர் இறந்த பிறகு ஆர்டிஸ் கையிலிருந்து குரோஷா ஊசி இறங்கியதே இல்லை. ஜாடி மூடிகளுக்கு உல்லனில் குட்டித் தொப்பி பின்னுவாள்: வாத்து, ஸ்ட்ராபெரி, கம்பளிப் பூச்சி. கடைக்குப் பெயர் 'தொக்கும் தொப்பியும்'. வங்கிக்குப் பின்னால், கார் நிறுத்துமிடத்தில் ஒரு மடக்கு மேஜை. ஜாடி எட்டு டாலர், தொப்பியோடு சேர்த்து. பத்து மணிக்குள் எல்லாம் போய்விடும்.

அன்று ஜாடிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு மார்லிஸ் நேரே ஆர்டிஸ் வீட்டுக்குப் போனாள்.

"ஏண்டி ஆர்டிஸ், எல்மர் கிழவருக்கு எண்பத்தாறு வயசு. முட்டையில மிளகு தூவினாலே நெஞ்சு எரியுதுன்னு டாக்டர்கிட்ட ஓடற மனுஷன். மூணு நாள்ல ஒரு ஜாடி மிளகாய்த் தொக்கை எப்படிடி முடிச்சாரு?"

ஆர்டிஸ் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பசிச்சிருக்கும்."

"பசிச்சா யாராவது தொக்கைக் கரண்டியால அள்ளித் தின்பாங்களா?"

"வயசானா நாக்கு மரத்துப் போயிடும்டி. இத விடு, இந்த வாத்துக்கு மூக்கு கோணலா இருக்கா, பாரேன்."

வாத்துக்கு மூக்கு நேராகத்தான் இருந்தது. மார்லிஸுக்குத்தான் ஒன்றும் நேராகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வாய்விட்டும் கேட்டுப் பார்த்தாயிற்று. "எல்மர், தொக்கு எப்படி இருந்துச்சு?" என்றால், கிழவர் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, "அது... வித்தியாசமா இருந்துச்சும்மா," என்றார். "வித்தியாசமான்னா?" என்றால், "ரொம்பவே வித்தியாசமா," என்றுவிட்டு சோளம் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் ஊரில் உச்சபட்சப் பாராட்டு 'மோசமில்ல'. அமோக விளைச்சலா, மோசமில்ல. முதல் பேரன் பிறந்தானா, மோசமில்ல. 'வித்தியாசமா இருக்கு' என்பது, விருந்தில் யாரும் இரண்டாம் முறை தொடாத பதார்த்தத்துக்கும், மருமகள் மூக்கில் குத்திக்கொண்டு வந்த வளையத்துக்கும் சொல்வது. மார்லிஸ் இந்த ஊரிலேயே பிறந்தவள், அவளுக்குத் தெரியாதா? ஆனால் வாய் ஒன்று சொல்ல, காலி ஜாடி வேறொன்று சொன்னால் எதை நம்புவாள்? யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை காய்ந்தது.

இதில் கர்ட்டிஸ் ப்ரெக்கெ வேறு. ஊருக்கு மேற்கே பீட்ரூட் பயிரிடுகிற தனிக்கட்டை. வருடத்துக்கு நாலு வாக்கியம் பேசினால் அதிகம். வாராவாரம் வருவார், ஒரு ஜாடி எடுப்பார், தொப்பியைக் கழற்றி மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். "மாஞ்சு மாஞ்சு பின்றேன், பழந்துணி மாதிரி கழட்டி வச்சிட்டுப் போறான் கடங்காரன்!" என்று ஆர்டிஸ் பொரிந்து தள்ளுவாள். மார்லிஸுக்கு வேறு கடுப்பு. இதுவரை ஒரு ஜாடிகூட அவரிடமிருந்து திரும்பவில்லை. ஊரில் ஒருத்தராவது மரியாதை தெரியாமல் இருக்க வேண்டாமா என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை ஆர்டிஸ் பேத்தி கல்யாணத்துக்காக டுலூத் போய்விட்டாள். கல்யாண வேலையில் தொப்பி பின்ன நேரமில்லை. "அதனாலென்ன, தொக்கு இருக்கே," என்று மார்லிஸ் தனியாகவே மேஜையை விரித்தாள். இருபத்து நாலு ஜாடிகள், மொட்டை மூடிகளோடு. இன்றைக்கும் எல்லாம் விற்றுவிட்டால், திங்கட்கிழமை 'வரவில்லை' என்று குறி போட்டுவிட வேண்டியதுதான். மனதுக்குள் அப்படி முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

முதலில் வந்த அம்மாள் ஜாடிகளைப் பார்த்தாள், மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "தொப்பி இல்லயா?" என்றாள். இல்லை என்றதும், இன்றைக்கு நல்ல வெயில் என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். அடுத்த தம்பதியும் அதையே கேட்டார்கள். எல்மர் தூரத்திலேயே பார்த்துவிட்டு முட்டைக் கடைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார்.

ஒன்பதரைக்கு லவான் சாதர் வந்தாள், பாதிரியார் பிரசங்கத்தைத் தவிர வேறெதற்கும் வாய் மூடாத லவான். அவள் கண்ணும் மேஜை முழுக்கத் தொப்பியைத் தேடியது.

"இந்த வாரம் வேணாம் மார்லிஸ். போன வாரம் வாங்கினதே இன்னும் வீட்ல இருக்கு. தொட்டுத் தொட்டுச் சாப்பிடறோம், தீரவே மாட்டேங்குது போ!"

சொல்லி முடித்த பிறகுதான் லவானுக்குத் தன் கையில் இருப்பது உறைத்தது. கழுவித் துடைத்த காலி ஜாடி. வந்த கையோடு கொடுத்துவிடலாமென்று எடுத்து வந்திருக்கிறாள். மார்லிஸ் ஜாடியைப் பார்த்தாள். லவானும் ஜாடியைப் பார்த்தாள். லவானின் காது நுனிவரை சிவந்தது.

"இது... இது வேற ஜாடி."

"அதுல என் கையெழுத்துல சீட்டு ஒட்டியிருக்கு லவான். போன சனிக்கிழமைத் தேதி."

லவான் அண்ணாந்து பார்த்தாள். "மழை வரும் போலிருக்கு, இல்ல?"

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. "சரி, ரெண்டு குடு," என்று லவான் அவசரமாகப் பர்ஸைத் திறந்தாள்.

"வேணாம் லவான். வீட்டுக்குப் போ."

மார்லிஸ் உட்கார்ந்துவிட்டாள். அவமானத்தில் முகம் கொதித்தது. ஏழு வாரமாகத் தண்டு நறுக்கியது, மிளகாய்க் காட்டத்தில் தும்மித் தும்மிக் கிளறியது, எல்லாம் ஊராரின் பாத்திரம் கழுவும் தொட்டி வழியாகச் சாக்கடைக்குப் போயிருக்கிறது. வாத்தையும் ஸ்ட்ராபெரியையும் எடுத்துக்கொண்டு அவளைக் கொட்டிவிட்டார்கள். ஆர்டிஸுக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்குமா? யாரிடம் கோபப்படுவது என்றுகூட அவளுக்குப் புரியவில்லை.

கர்ட்டிஸ் வந்து நின்றார். "தொப்பி இல்லயா?"

"இல்ல!" என்று எரிந்து விழுந்தாள்.

"நல்லதாப் போச்சு," என்று மூன்று ஜாடிகளை எடுத்தார்.

மார்லிஸுக்குப் பொறுக்கவில்லை. "கர்ட்டிஸ், ஊரே ஜாடியத் திருப்பிக் குடுக்குது. ஏழு வாரமா உங்ககிட்டேருந்து ஒண்ணுகூட வரலையே, ஏன்?"

"காலியானாத்தானே குடுக்கறதுக்கு. ரெண்டாவது ஜாடி பாதியில இருக்கு. மத்ததெல்லாம் நிலவறையில வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"இந்த ஊர்ல இது ஓடாதுன்னு தெரியும். நீங்க நிறுத்திடுவீங்க. குளிர்காலத்துக்கு வேணும்ல."

அந்த வருடத்துக்கான வாக்கியமெல்லாம் தீர்ந்திருக்க வேண்டும். ஆனாலும் மார்லிஸ் கேட்டுவிட்டாள். "எப்படித்தான் இருக்கு அது?"

"மோசமில்ல," என்றார் கர்ட்டிஸ். நாலடி போய்விட்டுத் திரும்பினார். "இன்னும் கொஞ்சம் காரம் போடலாம்."

ஞாயிறு மத்தியானம் ஆர்டிஸ் கல்யாணக் கேக்கோடு வந்தாள். மார்லிஸ் சமையலறை மேஜையில் ஒரு ஜாடியையும் ஒரு ஸ்பூனையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எப்போலேருந்து தெரியும்?"

"எது?"

"ஆர்டிஸ்."

ஆர்டிஸ் கேக்கைக் கீழே வைத்தாள். "முதல் வாரத்துலேருந்து. லவான் ஜாடியோட எங்க வீட்டுக்கு வந்தா. ஒரு ஸ்பூன்தான் குறைஞ்சிருந்துச்சு. மார்லிஸ் மனசு நோகுமே, என்ன பண்றதுன்னு கேட்டா. நான்தான் சொன்னேன், கொட்டிட்டு, கழுவி படியில வச்சிடுன்னு. அவ ஊருக்கே சொல்லிட்டா."

"அதுக்கப்புறமாவது எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"அந்தச் செவ்வாய்க்கிழமை ஃபோன்ல நீ குதிச்சே பாரு. இருபத்தேழு வருஷத்துல நீ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்லடி. அப்புறம் எந்த வாயால உண்மையச் சொல்றது?"

மார்லிஸ் டிராயரைத் திறந்து படிவத்தை எடுத்து மேஜையில் போட்டாள். "நேத்து மட்டும் நீ தொப்பி கொண்டு வந்திருந்தா, நாளைக்கு நான் வேலைய விட்டிருப்பேன்."

ஆர்டிஸ் படிவத்தைப் படித்தாள். முகம் வெளுத்துப் போயிற்று. "இத நீ எங்கிட்ட சொல்லவே இல்லயே!"

"நீ மட்டும் சொன்னியா?"

அடிப்பதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று மார்லிஸுக்கே தெரியவில்லை. கடைசியில் ஜாடியைத் தள்ளினாள். "சாப்பிடு. என் கண்ணு முன்னாடி."

ஆர்டிஸ் ஒரு ஸ்பூன் வாயில் போட்டாள். கண்ணில் நீர் முட்டியது, இருமினாள், குளிர்பெட்டியைத் திறந்து பாலை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டாள்.

"சொல்லு."

"வித்தி—"

"அந்த வார்த்தையச் சொன்னே, உன் ஊசியாலயே குத்துவேன்."

"கேவலமா இருக்குடி!" என்று கத்தினாள் ஆர்டிஸ். "நெருப்ப அள்ளி வாயில போட்ட மாதிரி! இத மனுஷன் தின்பானா?"

மார்லிஸ் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அந்தக் கோடை முழுக்க அவளிடம் ஒருத்தி உடைத்துச் சொன்னது அதுதான். "ஒருத்தன் தின்றான்," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ வாய்க்கு வந்தபடி திட்டுவியே, அவன்." பிறகு கேக்கை வெட்டினாள். "அடுத்த வாரத்துலேருந்து காலி ஜாடிக்கே தொப்பியப் போட்டு விப்போம். பாவம், சனங்களுக்குக் கழுவற வேலையாவது மிச்சமாகும்."

திங்கட்கிழமை காலை மார்லிஸ் 'வருகிறேன்' என்ற கட்டத்தில் குறி போட்டாள். மனது கனக்கத்தான் செய்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் பிடிக்காவிட்டால், "உவ்வே, இது என்ன கருமம்?" என்று பிள்ளைகள் முகத்துக்கு நேரே சொல்லி, அவள் கண்ணெதிரே தொட்டியில் கொட்டும். அங்கே இந்தக் குழப்பம் கிடையாது.

பள்ளி அலுவலகத்தில் ஜாய்ஸ் படிவத்தை வாங்கிக்கொண்டாள். அவள் மேஜையில் பென்சில் செருகிய டப்பாவுக்கு ஆர்டிஸின் மஞ்சள் வாத்துத் தொப்பி அடி உறையாகப் போட்டிருந்தது.

"அப்போ திரும்பி வர்றீங்க! கோடைக் கடை எப்படிப் போச்சு மார்லிஸ்?"

மார்லிஸ் வாத்தையே பார்த்தாள்.

"வித்தியாசமா இருந்துச்சு," என்றாள்.

ஜாய்ஸுக்குக் காது சிவந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, மழை வரும் போலிருக்கிறது என்றாள். மார்லிஸ் ஆமென்று தலையாட்டிவிட்டுக் காருக்கு வந்தாள். பின்சீட்டில் ஆறு ஜாடிகள், மொட்டை மூடிகளோடு, மிளகாய் இரண்டு மடங்கு. வண்டியை மேற்கே, கர்ட்டிஸ் வீட்டுப் பக்கம் திருப்பினாள்.