மாமாவின் குளிசை

மாமி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட அன்று, ஆஸ்பத்திரியில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. எழும்பிக் கோப்பி மெஷினடிக்குப் போனேன், குடிக்காமலே திரும்பினேன். என் கணவர் பிராண்டே நகரில் வேலையிடத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். அவர் வருவதற்குள் அவருடைய அம்மாவுக்கு ஏதும் ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் ஓர் இளம்பெண். நிதானமாக விளங்கப்படுத்தினார், அந்த நிதானமே எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்த வயதில் இடுப்பு முறிந்தால், கத்தி வைக்க முன்னரே உள்ளுக்குள் நிறைய இரத்தம் போய்விடுமாம். ஒபரேஷனில் இன்னும் போனால் இதயம் தாங்காதாம். அதனால் இரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்தை ஏற்றி, முதுகில் விறைப்பூசி போட்டு, இன்றைக்கே செய்துவிடலாம் என்றார். இரத்தத்தை உறையவிடாத குளிசை ஏதும் எடுக்கிறாரா என்றும் கேட்டார். மாமி இல்லையென்று தலையாட்டினார். கணினிப் பதிவிலும் பிரஷர் குளிசை மட்டும்தான் இருந்தது.

ஆனால் நேர்ஸ் மாமியின் சட்டைக் கையை உயர்த்தியபோது, முழங்கைக்கு மேலே நாவற்பழ நிறத்தில் இரத்தம் கட்டிய கண்டல்கள். பழசும் புதிசுமாக இருந்தன. விழுந்ததில் வந்தவை மட்டுமல்ல. திரும்பவும் தமிழில் கேளுங்கள் என்று டொக்டர் என்னிடம் சொன்னார்.

எனக்கு வந்ததே கோபம்! எங்கள் ஆட்களுக்கு இப்படி ஒரு பழக்கம். தனக்குச் சுகம் தந்த குளிசையை, கோயில் விபூதி மாதிரி மற்றவருக்கு நீட்டுவது. டெனிஷ் டொக்டர் எழுதித் தருவது பச்சைத்தண்ணி, பக்கத்து வீட்டு அக்கா தருவதுதான் மருந்து. எந்த அக்கா தந்தது என்று மாமியை நெருக்கினேன். முதுகில் ஊசி போடும் இடத்திலும் இரத்தம் கசிந்தால் கால் விளங்காமல் போய்விடும் என்றேன். மாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒருத்தரும் தரேல்லை. மாமான்ரை குளிசை."

மாமா இதய நோய்க்காரர், இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுத்தவர். போன மாரியில் காலமாகிவிட்டார். மிஞ்சிய குளிசைகளைப் பார்மசியில் கொடுத்துவிடச் சொல்லியிருந்தேன். வீணாக்கக் கூடாதென்றா எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. விடிய எழும்பினா கை தன்பாட்டில அவருக்கு எடுத்து வைக்குது. எடுத்ததைத் திருப்பி வைக்க மனம் வரேல்லை."

அதை டெனிஷில் சொன்னேன். டொக்டர் உடனே ஏற்பாட்டை மாற்றினார். முதுகில் ஊசி வேண்டாம், முழுமயக்கம் கொடுக்கலாம், ஏற்றுவதற்கு இரத்தமும் தயாராக இருக்கட்டும் என்றார். என் கணவர் வந்து சேர்ந்தபோது மாமியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கதவு திறந்த ஒவ்வொரு தடவையும் நாங்கள் இருவரும் துள்ளி எழும்பினோம். கடைசியில் டொக்டர் வந்து, பயந்த அளவுக்கு இரத்தம் போகவில்லை என்றார். என் கணவர் சுவரில் சாய்ந்து நின்று அழுதார்.

மறுநாள் சில்க்போர்க்கிலுள்ள மாமியின் வீட்டுக்குப் போய், மாமாவின் குளிசைப் பெட்டிகளை எல்லாம் அள்ளிப் பார்மசியில் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமியிடம் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"அப்ப இனி விடிய எழும்பி நான் ஆருக்கு என்ன செய்யிறது, பிள்ளை?" என்று கேட்டார்.