காய்ந்த கோரையும் ஈரச்சாக்கும்

எங்கள் கண்மாயில் சம்பங்கோரை ஆள் மறையும் உயரத்துக்கு நிற்கும். முன்பெல்லாம் கோடையில் அதற்குத் தீ வைப்பார்கள். ஒரு வருஷம் ஜேசிபி விட்டு அள்ளினார்கள். மழை பெய்ததும் மறுபடி வந்து நின்றது. வேர் கிடந்தால் போதும் அதற்கு. மனுஷருக்கு அந்த வசதி இல்லை. என் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் அறை வெடித்துச் செத்து மூன்று வருஷமாகிறது.

அன்றைக்கு அழுததோடு சரி. அதன் பிறகு எனக்கு எதுவும் உறைப்பதில்லை. குழம்பில் உப்பில்லை என்று மகள் சொன்னால்தான் தெரியும். நானும் பதினாறு வருஷம் கம்பெனி வேனில் போனவள்தான். அவர் போன பிறகு ஏறவில்லை.

மகளிர் குழுவில் ஐந்து பேர் கோரையில் கூடை முடையப் பழகினோம். ஐந்து பேரும் பட்டாசு வேலை பார்த்தவர்கள். பழக்க வந்த டீச்சர் சின்ன வயசு, ஆனால் கறார்.

"தண்ணிக்கு மேல ஒரு சாண் விட்டு அறுங்க. தண்ணிக்குள்ள அறுத்தீகன்னா தண்டு வழியாத் தண்ணி இறங்கி வேரு அழுகிரும்" என்றார். இந்த வருஷம் பாதிக் கண்மாயில்தான் அறுக்கலாம். நீர்க்கோழி குஞ்சு பொரித்திருக்கும் மறுபாதியில் கை வைக்கக்கூடாது. அறுத்த இடத்தில் கொஞ்ச நாளில் பச்சைக் குருத்து எட்டிப் பார்த்தது. எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. ஒரு நிமிஷம்தான்.

சிவகாசியில் ஒரு கம்பெனி, தீபாவளி கிஃப்ட் பாக்ஸுக்கு அட்டைக்குப் பதிலாக எங்கள் கூடையைக் கேட்டது. சுற்றிச் சுற்றிப் பட்டாசுதான், என்ன செய்ய. பிளஸ் டூ முடித்து ஒரு வருஷமாக வீட்டில் இருந்த மகள் சொன்னாள்: "இந்த ஆர்டர் நெலச்சுச்சுன்னா ஒங்கூட உக்காந்து முடையுறேன். இல்லைன்னா வேன்தாம்மா."

அவள் அந்த வேனில் ஏறக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

காய்ந்த கோரையைக் கட்டுக் கட்டாகச் சமுதாயக் கூடத்தில் அடுக்கினோம். முடைவதற்குச் சற்று முன்புதான் நனைக்க வேண்டும், அதுவரை ஈரமே ஆகாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். அந்த வாரம் ஊரில் அம்மன் பொங்கல். மற்ற நாலு பேரும் வரவில்லை. சாவி என்னிடம் இருந்தது.

மத்தியானம் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரே அனல். கால் பட்ட இடமெல்லாம் கோரை சரசரத்தது. கம்பெனியில் வெயில் ஏறினால் தரையில் தண்ணீர் விடுவோம், ஈரச்சாக்கு விரிப்போம். என் கை என்னைக் கேட்கவில்லை. குடத்தில் தண்ணீர் மோந்து வந்து தரை முழுக்க ஊற்றினேன். கட்டுகளின் மேல் ஈரச்சாக்கைப் போர்த்தினேன். மறுநாளும் செய்தேன், அதற்கு மறுநாளும் செய்தேன். தப்பு என்றே தோன்றவில்லை.

பொங்கல் முடிந்து டீச்சர் ஒரு கட்டைப் பிரித்தார். உள்ளே கறுப்பாகப் பூஞ்சணம். அடுத்ததும் அப்படியே. எல்லாம் அப்படியே.

"சாக்கு யாரு போட்டது?"

"நாந்தான்."

"எதுக்குக்கா?"

"தீப்பிடிச்சிரும்னு."

கூடத்தில் அடுப்பு இல்லை, விளக்குகூட இல்லை. டீச்சர் சாக்கை உருவி வெளியே எறிந்தார். குழுவில் ஒருத்தி, "அக்காவ வையாதீக. நானா இருந்தாலும் ஊத்தியிருப்பேன்" என்றாள்.

கண்மாயின் மறுபாதியை அறுத்துவிடலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். "அதையும் அறுத்தா அடுத்த வருசத்துக்கு என்னக்கா இருக்கும்? குஞ்சு வேற கெடக்கு" என்றார். அந்த நீர்க்கோழி மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. அறுத்த இடம் வளர்ந்து வர ஐப்பசி ஆகிவிடும். கம்பெனி அட்டைப் பெட்டிக்கே திரும்பிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. மகள் வாசலில் குனிந்து கொலுசைக் கழற்றினாள். தாவணி ஊக்கையும் எடுத்து இரண்டையும் என் கையில் வைத்தாள்.

"வச்சுக்கோம்மா. உரசிப் பொறி பறக்கும்னு இரும்பு, வெள்ளி எதுவும் கம்பெனிக்குள்ள விட மாட்டாகள்ல."

நான் அவளுக்கு அதைச் சொல்லித் தந்ததே இல்லை. தினம் காலையில் நான் கழற்றியதைப் பார்த்தே படித்திருக்கிறாள். அவள் ஏறிய வேன் தெருமுனை திரும்பிப் போயிற்று. கொலுசில் அவள் காலின் சூடு ஆறவில்லை. எனக்குப் பயம் வந்தது.